ஆங்கிலத்தைச் சுற்றாமல் இத்தாலிக்கு: பினாங்கு நாட்குறிப்பு

வியாழன் இரவு, ஜெலுத்தோங்

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி, அப்புறம் டாக்சி. அக்கா வீடு வந்து சேர இருட்டிவிட்டது. இந்த முறை வந்தது ஊர் பார்க்க மட்டும் இல்லை. அக்காவின் பெரியவள் மேற்படிப்புக்கு இத்தாலியில் இருக்கும் பொலோஞ்ஞாவுக்குப் போகிறாள். 1088இல் தொடங்கியதாகக் கணக்குச் சொல்லும் பல்கலைக்கழகம். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. படிப்பு ஆங்கிலத்தில்தான். ஆனால் வாடகை வீடு, காய்கறிக் கடை, தபால் நிலையம், பேருந்து எல்லாம் இத்தாலியனில்தானே நடக்கும்!

நான் பல வருடம் மிலான் பக்கத்திலிருந்து மேசை நாற்காலிகளை இறக்குமதி செய்யும் அலுவலகத்தில் இருந்தேன். தொலைபேசியில் பேசிப் பேசி வந்த இத்தாலியன் என்னுடையது. "சித்தி, ஒரு தடவ வந்து பாத்துக் குடுங்க" என்று அவள் கேட்டதும் கிளம்பிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் இத்தாலியன். 'ஹலோ' என்றால் 'ச்சாவோ', 'எக்ஸ்கியூஸ் மீ' என்றால் 'ஸ்கூசா', 'குட் ஆஃப்டர்நூன்' என்றால் 'புவோன் பொமெரிஜ்ஜோ'. பக்கம் பக்கமாக, கோணாத கையெழுத்தில். பிள்ளை நன்றாக உழைத்திருக்கிறாள். படிக்கப் படிக்க எனக்குள் ஒரு கேள்வி எழுந்துகொண்டே இருந்தது. வீட்டில் அம்மாவோடு தமிழில் பேசுகிறவள், தமிழில் நினைத்து, அதை ஆங்கிலமாக்கி, பிறகு இத்தாலியனாக்க வேண்டுமா? நேராகப் போனால் பாதி வாக்கியங்கள் தாமாகவே வந்து விழுமே.

முதல் வரியையே எடுத்துக்கொண்டோம். ச்சாவோ என்பது நண்பர்களுக்கு, சின்னவர்களுக்கு, வீட்டாருக்கு. கடைக்காரருக்கும் பேராசிரியருக்கும் 'புவோன்ஜோர்னோ', பகல் வணக்கம். வெனிஸ் பக்கத்து வழக்கில் 'உங்கள் அடிமை' என்று பொருள்பட்ட தொடர் தேய்ந்து தேய்ந்து ச்சாவோ ஆனது. பழைய கடிதங்களில் நம் பெரியவர்கள் 'அடியேன்' போட்டுக்கொண்டதைப் போன்ற ஒன்று, இன்று தோழிகளுக்குள் புழங்குகிறது. மதிய வணக்கம் புத்தகத்தில் இருக்கிறது, வாயில் அவ்வளவாக இல்லை. பல ஊர்களில் மதியச் சாப்பாடு முடிந்ததுமே 'புவோனசேரா', மாலை வணக்கம், தொடங்கிவிடும்.

மீதி நாளைக்கு. கண் சொக்குகிறது.

வெள்ளி, லிட்டில் இந்தியா

காலையில் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில். 1833இல் கட்டிய கோயில். வெள்ளிக்கிழமை என்பதால் பூக்கடைகளில் நல்ல கூட்டம். கும்பிட்டு முடித்து, பக்கத்திலேயே ஒரு கடையில் பசியாறினோம்.

ரொட்டி சானாய் வருவதற்குள் நோட்டைத் திறந்தாள். 'ஐ ஆம் ஹங்க்ரி'. அதற்கு இத்தாலியனில் 'ஓ ஃபாமே'. பசியை வைத்திருக்கிறேன் என்று அமைப்பு. ஆங்கிலத்தில் நினைத்தால் 'நான் பசியாக இருக்கிறேன்' என்று கட்டத் தோன்றும், அங்கேதான் தடுமாறுவாள். நமக்கு பசி என்பது நாம் ஆகிற ஒன்று இல்லை, நமக்கு வருகிற ஒன்று. 'எனக்குப் பசிக்குது.' வயதும் அப்படியே. 'எனக்கு இருபத்து மூன்று வயது' என்கிறோம், அவர்கள் இருபத்து மூன்று வருடம் வைத்திருக்கிறார்கள்: 'ஓ வெந்தித்ரே ஆன்னி'. இரண்டு மொழியிலும் ஆள் வேறு, வயது வேறு.

அடுத்த வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ஐ லைக் திஸ்'. இத்தாலியனில் 'மி பியாச்சே'. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் மாதக்கணக்கில் தடுக்கி விழுகிற இடம் இது. 'மி' என்றால் எனக்கு. 'பியாச்சே' என்றால் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கிறது! சொல்லுக்குச் சொல் நம் வாக்கியம். பிடித்த பொருள்தான் எழுவாய், நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். பொருள் பலவானால் 'மி பியாச்சொனோ' என்று வினையும் பன்மைக்கு மாறும், நாமும் எழுத்தில் 'பிடிக்கின்றன' என்கிறோமே. தலைவலியும் இதே வழி: 'மி ஃபா மாலே லா தெஸ்தா', எனக்குத் தலை வலிக்கிறது.

சொன்னதும் அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். "இத நாலு வாரமா மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன் சித்தி, யாருமே இப்படிச் சொல்லலயே" என்றாள். அவள் படித்த கைப்பேசிச் செயலி ஆங்கிலக்காரர்களுக்குச் செய்தது. அவர்களுக்கு எது கடினமோ அதைக் கடினம் என்றே சொல்லிக்கொடுக்கும்.

நோட்டில் ஒவ்வொரு வரியும் 'இயோ' என்று தொடங்கியது. இயோ பார்லோ, இயோ மாஞ்ஜோ. நான் பேசுகிறேன், நான் சாப்பிடுகிறேன். ஆங்கிலத்தில் 'ஐ' இல்லாமல் வாக்கியம் நிற்காது. தமிழில் 'பேசுகிறேன்' என்ற விகுதியே ஆளைச் சொல்லிவிடும். பார்லோ, பார்லி, பார்லா என்று இத்தாலியன் விகுதியும் அதையே செய்கிறது. ஒவ்வொரு தடவையும் இயோ போட்டால் 'நான்தான், நான்தான்' என்று அழுத்திச் சொல்வதாகக் கேட்கும். பென்சில் எடுத்து எல்லா இயோவையும் அடித்தாள்.

அப்புறம் இரட்டை எழுத்து. ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதில் விழாத நுணுக்கம் இது, நமக்கோ பால் குடிக்கும்போதே வந்தது. பலி வேறு, பல்லி வேறு. கனி வேறு, கன்னி வேறு. இத்தாலியனில் பாலா என்றால் மண்வாரி, பால்லா என்றால் பந்து. நோனோ ஒன்பதாவது, நோன்னோ தாத்தா. வயது கேட்கும்போது 'ஆன்னி' என்பதில் 'ன்' இரட்டித்தே ஆக வேண்டும். ஒற்றையாகச் சொன்னால் ஆசன வாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும்.

ஆனால் க, த, ப வந்தால் தமிழ் மட்டும் போதாது. உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றைத் தகரத்தை நாம் மென்மையாக்கிவிடுவோம், வல்லோசை வேண்டுமென்றால் இரட்டித்துவிடுவோம். இரட்டிக்காத வல்லோசை நம் நாக்கில் இல்லை. இத்தாலியனில் அதுதான் தாகத்தையும் ஏழையும் பிரிக்கிறது. தாகத்துக்கு (sete) ஒற்றை, ஏழுக்கு (sette) இரட்டை. இந்த இடத்தில் மலாய் கைகொடுத்தது. மலாய்க்காரர் வாயில் 'பத்து ஃபிரிங்கி' கடற்கரையின் பெயரைக் கேளுங்கள், கல் என்று பொருள்படும் அந்தச் சொல்லில் தகரம் வல்லோசைதான், ஆனால் ஒற்றை. நாம் எண்ணும்போது சொல்கிற பத்தில் இரட்டை. "தாகத்துக்கு மலாய் பத்து, ஏழுக்குத் தமிழ்ப் பத்து" என்று சொல்லிக்கொடுத்தேன். மேசையிலேயே பத்துப் பதினைந்து முறை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். முடிக்கும்போது சரியாக வந்தது. தலைமுடிக்கும் (capello) தொப்பிக்கும் (cappello) கூட இதே ஒற்றை, இரட்டை வித்தியாசம்தான்.

தமிழும் மலாயும் தெரிந்த மலேசியப் பிள்ளைக்கு இந்த மொழியின் ஒலிகள் ஏறக்குறைய எல்லாம் கைவசம் உண்டு. அதை யாராவது எடுத்துச் சொன்னால் போதும்.

சனி, சௌராஸ்தா சந்தை

பினாங்கு ரோட்டில் இருக்கும் இந்தச் சந்தைக்கு நான் எப்போது வந்தாலும் ஜாதிக்காய் வாங்காமல் போனதில்லை. காய்ந்தது, சர்க்கரையில் ஊறியது, சாறு, தைலம் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கடைவீதி வாக்கியங்கள்.

ஒரு பொருளின் விலை: 'குவாந்தோ கோஸ்தா'. நிறுத்துத் தருகிற பொருளுக்கு 'குவாந்தோ வியேனே' என்றும் கேட்பார்கள், எவ்வளவு வருகிறது என்று. எல்லாம் வாங்கிய பிறகு மொத்தம்: 'குவாந்தே'. ஆங்கில நோட்டில் இவை மூன்றுக்கும் 'ஹவ் மச்' என்ற ஒரே வரிதான் இருந்தது.

எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு சொல்லையும் எழுதச் சொன்னேன்: 'எத்தோ'. நூறு கிராம். பாலாடைக்கட்டி, இறைச்சித் துண்டு எல்லாம் அங்கே எத்தோ கணக்கில்தான் கேட்பார்கள். இருநூறு கிராமுக்கு 'தூவே எத்தி'. கிராமில் கேட்டாலும் கொடுப்பார்கள், ஆனால் விலைப்பலகையில் எத்தோவுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் அதைக் கிலோ விலை என்று நினைத்துவிடக் கூடாது. படிக்கப் போகிற பிள்ளைக்குப் பத்து மடங்கு வித்தியாசம் சின்ன விஷயமா? பழக்கடையில் இன்னொன்று. இங்கே தொட்டு அழுத்திப் பார்த்து எடுப்போம். அங்கே சந்தைக் கடைகளில் கடைக்காரரே எடுத்துத் தருவார். பேரங்காடியில் பிளாஸ்டிக் கையுறை வைத்திருப்பார்கள்.

'ப்ளீஸ்' எங்கே போடுவது என்று கேட்டாள். 'பெர் ஃபவோரே' உண்டு. ஆனால் பணிவு அந்த ஒரு சொல்லில் மட்டும் இல்லை, வினையிலும் இருக்கிறது. 'வோல்யோ' என்றால் 'வேணும்'. 'வொர்ரேய்' என்றால் 'கிடைச்சா நல்லாருக்கும்' என்று தணிந்து கேட்பது. நாம் 'கொஞ்சம்' என்பதை முன்னால் போட்டுக் கேட்போமே, "கொஞ்சம் அந்தப் பையக் குடுங்க" என்று, அந்த வேலையை அங்கே வினையின் வடிவம் செய்கிறது. கேள்வியாகக் கேட்டாலும் பணிவுதான்: 'மி ஃபா உன் கஃப்பே?' எனக்கு ஒரு காப்பி போடுகிறீர்களா?

காப்பி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கஃப்பே என்று மட்டும் சொன்னால் சின்னக் கோப்பையில் கெட்டியான கறுப்புக் காப்பி வரும். 'லாத்தே' என்று கேட்டால் வெறும் பால் வரும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பால்தான். நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் அதற்கு மேல். சில கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி ரசீதோடு போக வேண்டும். இங்கே மாமாக் கடையில் சர்க்கரையில்லாத கறுப்புக் காப்பியைக் 'கோப்பி ஓ கோசோங்' என்று மூன்று சொல்லில் முடிக்கிறவளுக்கு இது சீக்கிரம் பழகிவிடும்.

ஜாதிக்காய்க்குத் திரும்புகிறேன். இத்தாலியனில் 'நோச்சே மொஸ்காத்தா'. பாந்தா தீவுகளில் பிறந்த மரம், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பினாங்குக்கு வந்து வேர் பிடித்தது. பொலோஞ்ஞாவின் பேர்போன தொர்தெல்லீனி என்ற பாஸ்தாவுக்குள் வைக்கிற பூரணத்தில் பன்றி இறைச்சியோடும் பாலாடைக்கட்டியோடும் ஜாதிக்காய்த் தூள் போடுவது மரபு. அவள் பன்றி சாப்பிடமாட்டாள். ஆனாலும் இங்கே பாலேக் பூலாவில் காய்க்கிற காயின் வாசனை அந்த ஊர் சமையலறையிலும் இருக்கும் என்று கேட்டதும் அக்காவுக்கு ஒரு நிம்மதி. ஒரு சின்னப் பொட்டலம் கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மழை. கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையான அஞ்சடியில் ஒதுங்கி ஒதுங்கியே நனையாமல் நடந்தோம். பொலோஞ்ஞாவிலும் இப்படி நடக்கலாம். அங்கே 'போர்திச்சி' என்ற தூண் நடைபாதைகள் மொத்தம் 62 கிலோமீட்டர் நீளம், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஜார்ஜ் டவுனுக்கு அந்தப் பெருமை 2008இல் வந்தது.

ஞாயிறு, கொடிமலை

அக்காவின் சின்னவனும் சேர்ந்துகொண்டான். 1923 முதல் ஓடுகிற கயிற்று ரயில், இப்போது புதுப் பெட்டிகளோடு. இத்தாலியனில் 'ஃபூனிகொலாரே'. மலையேறுகிற ஊர்கள் அங்கே நிறைய, அதனால் எங்கும் புழங்குகிற சொல்.

உச்சியில் முருகனைக் கும்பிட்டுவிட்டு ஊரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெரியவள் திடீரென்று, "சித்தி, கொடிக்கு இத்தாலியன்ல பந்தியேரா. நாம நிக்கிறது புக்கிட் பெண்டேரா!" என்றாள். நான் சொல்லாமல் அவளே பிடித்தது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் மலாயில் விட்டுச்சென்ற சொல் பெண்டேரா, கொடி. போர்த்துக்கீசும் இத்தாலியனும் லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். அப்படியானால் போர்த்துக்கீசியர் தமிழ்க் கரைகளில் விட்டுச்சென்றவை? உட்கார்ந்து தேடினோம். சாவி, இத்தாலியனில் கியாவே. அலமாரி, அர்மாதியோ. மேஸ்திரி, மாயேஸ்த்ரோ. பாதிரி, பாத்ரே. மலாயில் ஹாரி மிங்கு, அங்கே தொமேனிக்கா, இன்றைய ஞாயிறுதான். செகோலா, அங்கே ஸ்குவோலா. சின்னவன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். அலமாரியையும் சாவியையும் இனி யாரும் அவளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. நோட்டில் 'பாத்ரூம்' என்பதற்கு எதிரே ஆங்கில எழுத்தில் எதையோ எழுதி அடித்து எழுதியிருந்தாள். குளியலறை, 'பாஞ்ஞோ'. ஆங்கிலத்தில் இந்த ஒலிக்கு எழுத்து இல்லை. நம்மிடம் ஞகரம் இருக்கிறது, 'விஞ்ஞானம்' என்பதில் வருகிற அதே ஞ்ஞ. பொலோஞ்ஞா, சிஞ்ஞோரா, ஞொக்கி எல்லாம் தமிழில் எழுதினால் படிக்கிறபடியே சரியாக வரும். 'ப', 'த' போன்றவற்றின் வல்லோசையை மட்டும் அடிக்கோடிட்டுக் காட்டிக்கொண்டால் போதும். வலப்பக்கத்தைத் தமிழ் எழுத்திலேயே மாற்றி எழுதச் சொன்னேன்.

நெடில் எகரம், குறில் எகரம் என்று நாம் இன்று எழுத்திலேயே பிரித்துக் காட்டுவதற்கும் ஓர் இத்தாலியரே காரணம் என்று சொன்னபோது சின்னவன் நம்பவில்லை. வீரமாமுனிவர், 1680இல் மாந்துவா பக்கத்தில் காஸ்திலியோனேயில் பிறந்த கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி. அந்தக் காலத்து ஓலைகளில் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும், எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். 1732இல் சதுரகராதி செய்தார். அங்கிருந்து இங்கே வந்து நம் மொழியை அந்த ஆழத்துக்குக் கற்ற ஒருவர் இருக்கும்போது, இங்கிருந்து போகிற நம் பிள்ளை அவர் மொழியை நம் மொழி வழியாகவே கற்கட்டும் என்பதில் எனக்கு உறுதி கூடிவிட்டது.

திங்கள், மதிய ரயிலுக்கு முன்

காலை முழுக்க வீட்டிலேயே. இன்றைக்கு மரியாதை, பலகைகள், காகிதங்கள்.

ஆங்கிலத்தின் 'யூ' எல்லாருக்கும் ஒன்று. அதனால் நோட்டில் 'கோமே ஸ்தாய்' மட்டும் இருந்தது, 'எப்படி இருக்க'. 'எப்படி இருக்கீங்க' வேண்டாமா? 'கோமே ஸ்தா'. சின்னவர்களுக்குத் 'தூ', தெரியாதவர்களுக்கும் பெரியவர்களுக்கும் 'லேய்'. ஸ்கூசா என்றால் 'மன்னிச்சுக்க', ஸ்கூசி என்றால் 'மன்னிச்சுக்குங்க'. முசோலினி ஆட்சி 1938இல் லேய் வேண்டாம், 'வோய்'தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆட்சி போனது, லேய் நின்றது. பெரியவளுக்கு நான் சொன்ன விதி இதுதான்: தமிழில் யாருக்கு 'ங்க' போடுவாயோ அவர்களுக்கு லேய். வீட்டுக்காரம்மா 'தூ என்றே கூப்பிடு' என்று தானாகச் சொன்னால் அப்போது மாறலாம்.

உறவுமுறையில் மட்டும் இத்தாலியன் ஏழை. சித்தி, பெரியம்மா, அத்தை, மாமி எல்லாரும் 'ஸீயா'தான். அக்கா மகளுக்கும் பேத்திக்கும் ஒரே சொல், 'நிபோத்தே'.

ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் 'பெர்மெஸ்ஸோ' என்று சொல்வது நல்ல பழக்கம். கூட்டத்தில் விலகி வழி கேட்கவும் அதுவே. அவள் முதலில் வாங்க வேண்டிய தங்கும் அனுமதியின் பெயரும் பெர்மெஸ்ஸோதான்: 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ'. நாட்டுக்குள் நுழைந்து எட்டு வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒட்ட 16 யூரோ முத்திரை வில்லை, 'மார்க்கா தா போல்லோ', புகையிலைக் கடையில் கிடைக்கும். கொடுத்ததற்கு 'ரிச்செவூத்தா', ரசீது. அதைத் தொலைக்கக் கூடாது, அட்டை வரும்வரை அதுதான் கையில். வரி எண்ணுக்குக் 'கோதிச்சே ஃபிஸ்காலே', வீட்டு ஒப்பந்தத்துக்கும் கைப்பேசி எண்ணுக்கும் கேட்பார்கள். இந்த நாலையும் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதவைத்தேன்.

பலகைகள் சீக்கிரம் முடிந்தன. 'தீராரே' இழு, 'ஸ்பிஞ்ஜேரே' தள்ளு, 'உஷீத்தா' வெளியே, 'க்யூஸோ' மூடியிருக்கிறது, 'குவாஸ்தோ' பழுது. குழாயில் மட்டும் கவனம். 'சி' என்ற எழுத்துப் போட்டிருந்தால் அது ஆங்கிலத்துக் குளிர் இல்லை, 'கால்தோ', சுடுநீர். குளிருக்கு 'எஃப்', 'ஃப்ரெத்தோ'.

அக்கா சமையலறையிலிருந்து வந்து, "எனக்கு ஒண்ணும் சொல்லித் தரமாட்டீங்களா? அவ போனை எடுக்கலன்னா நான் வீட்டுக்காரம்மாகிட்ட என்ன பேசுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தொலைபேசியை எடுத்தால் அங்கே ஹலோ இல்லை, 'ப்ரோந்தோ', தயார் என்பார்கள். அதற்கு அக்கா சொல்ல வேண்டியது: 'புவோனசேரா சிஞ்ஞோரா, சோனோ லா மாம்மா', பிறகு 'தி' சேர்த்து மகள் பெயர். நானும் பெரியவளும் மாறி மாறி வீட்டுக்காரம்மாவாக இருந்தோம். அக்காவுக்கு மாம்மாவின் இரட்டை மகரம் முதல் தடவையே சுத்தமாக வந்தது.

தமிழ் கைகொடுக்காத பகுதிகள் பாக்கி இருக்கின்றன, அவற்றையும் நேர்மையாகச் சொல்லிவிட்டேன். மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால் என்று பொருளுக்கெல்லாம் பால் உண்டு. நமக்கு எல்லாம் அஃறிணை, அதனால் ஒவ்வொன்றையும் 'இல்', 'லோ', 'லா' சேர்த்தே மனதில் ஏற்ற வேண்டும். இறந்தகாலம் இன்னும் தொடவே இல்லை. சாப்பிட்டேன் என்பதற்கு ஒரு துணைவினை, போனேன் என்பதற்கு வேறொரு துணைவினை, போனது பெண் என்றால் 'அந்தாத்தா', ஆண் என்றால் 'அந்தாத்தோ'. அதை அடுத்த சனிக்கிழமை வீடியோ காலில் வைத்துக்கொள்கிறோம். அதற்குள் சமையலறைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் இல், லா ஒட்டுச்சீட்டு ஒட்டி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.